மகிழ்ச்சி குறையாமல் ஒரு சவாலை ஏற்பது எப்படி? முதல் 5 கிலோமீட்டர் ஓட்டத்தை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

புத்தாண்டு பிறந்தாலும், நாற்பதாவது பிறந்தநாள் வந்தாலும், ரத்தப் பரிசோதனை முடிவு கைக்குக் கிடைத்தாலும் நம்மில் பலர் முதலில் செய்வது தமக்குத் தாமே ஒரு சவாலை விதித்துக்கொள்வதுதான். சர்க்கரை தொடாத 21 நாள், யோகாசனம் 48 நாள், நடை 100 நாள் என்று கைபேசியில் வரிசைகட்டி நிற்கும் சவால்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. விதி கடுமையாக இருக்கும், ஒரு நாள்கூடத் தவறக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும், தவறியவருக்குக் குற்ற உணர்வு மிஞ்சும். 2019இல் அமெரிக்காவில் தொடங்கி உலகெங்கும் பரவிய 75 நாள் சவால் ஒன்று இந்த மனப்போக்கின் உச்சம் எனலாம். நாளுக்கு இரண்டு முறை 45 நிமிட உடற்பயிற்சி, அவற்றில் ஒன்று கட்டாயமாகத் திறந்தவெளியில், ஏறத்தாழ 3.8 லிட்டர் தண்ணீர், 10 பக்க வாசிப்பு, மதுவை விலக்கிய உணவுக் கட்டுப்பாடு, தினமும் ஒரு புகைப்படம். இவற்றுள் எது விட்டுப்போனாலும் மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். 74ஆம் நாள் காய்ச்சலில் படுத்தவருக்கும் அந்த விதியில் விலக்கு கிடையாது.

இப்படிப்பட்ட சவால்களால் சிலர் உண்மையிலேயே மாறியிருக்கிறார்கள். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் முடித்தவர்தான் படம் போடுகிறார். 12ஆம் நாளில் விட்டவர் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொண்டு, ‘நமக்கு மன உறுதி போதாது’ என்ற தீர்ப்பையும் தம்மேல் எழுதிக்கொள்கிறார். உடல் வளர்வதற்காக எடுத்த முயற்சி, தன்மேல் இருந்த நம்பிக்கையைக் குறைத்துவிட்டுப் போகிறது.

இந்த வழிகாட்டி வேறொரு அளவுகோலை முன்வைக்கிறது. இன்றைய பங்கை முடித்த பிறகு, அடுத்த முறையும் இதைச் செய்ய வேண்டும் என்று தோன்றுகிறதா? தோன்றினால் சவாலின் அளவு சரியாக இருக்கிறது. தொடர்ந்து தோன்றவில்லை என்றால் பிழை பெரும்பாலும் மனிதரிடம் இல்லை, அளவில் இருக்கிறது. மாற்ற வேண்டியதும் அளவைத்தான். பொதுவாகப் பேசினால் இது அறிவுரையாக நின்றுவிடும் என்பதால் ஒரே ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்கிறேன்: பள்ளிக்கூடத்துக்குப் பின் ஓடியே இராத, நாற்காலியில் அமர்ந்து வேலை பார்க்கிற, 35 முதல் 55 வயதுக்குள் இருக்கும் ஒருவர் 5 கிலோமீட்டர் ஓடப் பழகுவது. இதற்குச் செலவு குறைவு. முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். அளவு மிஞ்சினால் உடல் உடனே சொல்லிவிடும். வேறு பல சவால்களில் அந்த எச்சரிக்கை தாமதமாகத்தான் வரும்.

தொடங்கும் முன்: எண்களை நம்புவதில் ஒரு நிதானம்

சவால்களோடு ஒட்டிவரும் எண்கள் எங்கே பிறந்தன என்று தெரிந்துகொண்டால் பாதி பாரம் இறங்கிவிடும். ‘பழக்கம் படிய 21 நாள்’ என்ற நம்பிக்கை, மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960இல் எழுதியதிலிருந்து கிளைத்தது. முகத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் தம் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். அந்தக் கீழ் எல்லைதான் கை மாறி மாறி எல்லாப் பழக்கங்களுக்குமான கெடுவாகிவிட்டது. 10,000 அடி என்பதும் அப்படியே: 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயர் ‘மான்போ-கெய்’, அதாவது பத்தாயிரம் அடி அளவி. விற்பனைக்கு வைத்த பெயர் மருத்துவ விதியைப் போல நிலைத்துவிட்டது. 2019இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதான பெண்களை வைத்து வெளியான ஆய்வு ஒன்றில், நாளுக்கு 2,700 அடி அளவில் நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தென்படவில்லை.

பழக்கம் படிவதைப் பற்றி லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்து வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. தினம் ஒரு சிறு செயலைச் செய்து வந்தவர்களுக்கு அது தானாக நிகழத் தொடங்க எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்கிட்டபோது, நடுவில் வந்த எண் 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்தது. ஒருவருக்கு மூன்று வாரத்தில் படிந்தது இன்னொருவருக்கு எட்டு மாதம் கேட்கலாம் என்றால், அடுத்த வீட்டுக்காரரின் நாள்கணக்கை வைத்து நம்மை அளப்பதில் பொருளே இல்லை. எனவே நம் சவாலுக்கு நாள் எண்ணிக்கையைப் பெயராக வைக்க வேண்டாம். ஒரு பருவத்தை ஒதுக்கினால் போதும்.

தமிழ்நாட்டுச் சமவெளியில் ஓடப் பழக ஏற்ற பருவம் மார்கழியில் தொடங்குகிறது. டிசம்பர் நடுவில் தொடங்கினால், வடகிழக்குப் பருவமழை மெல்லத் தணியத் தொடங்கி, காலைக் குளிரும் துணைக்கு இருக்கும். நான்கு மாதம் கழித்து ஏப்ரல் நடுவில், மே மாத அக்னி நட்சத்திரத்துக்கு முன்பே இலக்கை நெருங்கியிருப்போம். கோடையில்தான் தொடங்க முடியும் என்பவர் அந்த மாதங்களை நடைக்கு மட்டும் ஒதுக்கிக்கொள்வது நல்லது.

முதல் படி: யாருக்காக ஓடுகிறோம் என்று எழுதிப் பார்த்தல்

ஒரு தாளில் இரண்டே வரி போதும். இதை ஏன் செய்ய விரும்புகிறேன்? யாருக்குமே தெரியாமல் போனாலும் இதைச் செய்வேனா? இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் சவாலை மாற்றிக்கொள்வதே நல்லது. ஓட்டம் பிடிக்காதவர் நீச்சலையோ சைக்கிளையோ பறையையோ கற்றுக்கொள்ளலாம். ஓடித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இந்தக் கேள்விக்கு அடிப்படை இருக்கிறது. 1971இல் எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டைகளைப் பொருத்தும் புதிர்களைக் கொடுத்தார். ஒரு குழுவுக்கு இடையில் ஒரு முறை மட்டும், விடுவித்த புதிருக்கெல்லாம் பணம் கொடுத்துவிட்டு, அடுத்த முறை அதை நிறுத்தினார். பணம் நின்றதும், அந்தக் குழுவினர் ஓய்வு இடைவெளியில் தாமாகப் புதிரைத் தொடும் நேரம் குறைந்தது. விளையாட்டாக இருந்தது வேலையாகிவிட்டது. பின்னர் அவரும் ரிச்சர்ட் ரயனும் சேர்ந்து வளர்த்த கோட்பாடு, மனிதர் ஒரு செயலில் தாமே விரும்பி நிலைக்க மூன்று தேவைகளைச் சொல்கிறது: தேர்வு என் கையில் இருக்கிறது என்ற உணர்வு, திறமை வளர்கிறது என்ற உணர்வு, நம்மைப் பொருட்படுத்தும் மனிதர்கள் உடனிருக்கிறார்கள் என்ற உணர்வு. பதக்கம், சான்றிதழ், கைபேசிச் செயலி தரும் மின்னும் வில்லைகள் ஆகியவை இந்த மூன்றுக்கும் ஈடாவதில்லை. அவற்றை வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. அவற்றுக்காகவே ஓடத் தொடங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

‘எடையைக் குறைக்க’ என்பது பலர் எழுதும் காரணம். புரிந்துகொள்ளக்கூடியதுதான், ஆனால் முதல் காரணமாக அதை வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எடை காட்டும் முள் ஓட்டத்துக்கு உடனே கட்டுப்படாது. உப்பு, உறக்கம், மாதவிலக்கு என்று பலவற்றுக்கும் ஆடும். நன்றாக ஓடிய வாரத்தில் எடை அரைக் கிலோ கூடியிருந்தால், அந்த வாரத்தின் மகிழ்ச்சி முழுவதும் வீணாகிவிடும்.

இரண்டாம் படி: உடலின் கணக்கைப் பார்த்தல்

நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், நெருங்கிய உறவில் இள வயது மாரடைப்பு வந்தவர்களும், நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ உணர்ந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஓடத் தொடங்கக் கூடாது. 40 வயதைத் தாண்டிய பிறகு தொடங்குபவர் ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, ஈ.சி.ஜி. ஆகியவற்றை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. இன்சுலின் போடுபவர்களுக்கும் சிலவகைச் சர்க்கரை மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் ஓடும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். மருந்தின் அளவையும் உண்ணும் நேரத்தையும் மருத்துவரிடம் பேசித் தீர்மானித்துக்கொண்டு, சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும்.

அடுத்து, 30 நிமிடம் சுறுசுறுப்பாக நடந்து பார்க்கவும். மறுநாள் மூட்டு வலியில்லாமல் படியேற முடிகிறதா? இதை வாரத்துக்கு நான்கு நாள் என இரண்டு வாரம் செய்து, உடல் முரண்டு பிடிக்கவில்லை என்றால் மட்டுமே ஓட்டத்துக்கு வர வேண்டும். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். 8 கிலோமீட்டரையும் நடந்தே தீர வேண்டும் என்று நினைக்க வேண்டாம்.

காலணி மட்டுமே இதில் உண்மையான செலவு. நாள் முழுக்க நடந்து பாதம் சற்று உப்பியிருக்கும் மாலை நேரத்தில் வாங்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் கட்டை விரல் நகம் அளவு இடம் இருக்க வேண்டும். விலை உயர்ந்த கைக்கடிகாரம், இறுக்கமான சட்டை, குளிர்கண்ணாடி எதுவும் தேவையில்லை. சுடிதாரும் காலணியுமாக ஓடும் பெண்களைப் பூங்காக்களில் தினமும் பார்க்கலாம்.

மூன்றாம் படி: அளவை வகுத்தல்

இந்த வழிகாட்டியில் மிகவும் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. பெரும்பாலான சவால்கள் இங்கேதான் உடைகின்றன, ஏனென்றால் உற்சாகம் உச்சத்தில் இருக்கும் நாளில் அளவைத் தீர்மானிக்கிறோம். அதை நிறைவேற்ற வேண்டியதோ உறக்கம் குறைந்த ஒரு வியாழக்கிழமை. அதனால் ஒவ்வொரு வாரத்துக்கும் இரண்டு எல்லைகளை எழுதிக்கொள்ள வேண்டும். கீழ் எல்லை என்பது மிக மோசமான நாளிலும் செய்யக்கூடியது: காலணியை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை 10 நிமிடம் நடந்து திரும்புவது. மேல் எல்லை என்பது எவ்வளவு நன்றாக உணர்ந்தாலும் தாண்டக் கூடாதது. கீழ் எல்லையின் பயனைப் பலர் உடனே ஏற்றுக்கொள்கிறார்கள். மேல் எல்லையைத்தான் ‘எதற்கு?’ என்று கேட்கிறார்கள். மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண்களும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூன்றாவது வாரம் ‘இன்னும் இரண்டு சுற்று ஓடலாம் போலிருக்கிறது’ என்று தோன்றும் நாளில் அந்த இரண்டு சுற்றையும் ஓடியவருக்குத்தான் ஐந்தாவது வாரம் முழங்காலின் கீழ்ப்புற எலும்பு ஓரம் வலிக்கத் தொடங்குகிறது. மேலும், ஆசை மிச்சமிருக்கும்போதே நிறுத்தியவர் அடுத்த முறை தானாக வருவார்.

ஓட்டமும் நடையும் கலந்து பழகும் முறை புதிதல்ல. 1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் தொடக்கநிலையாளர்களுக்காக வகுத்து உலகெங்கும் பரவிய 9 வாரத் திட்டம், 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்றுதான் ஆரம்பிக்கிறது. நம் வெயிலையும் வயதையும் கருதி அதைவிட மெதுவான ஒன்றை இங்கே தருகிறேன். வாரத்துக்கு மூன்று நாள், அடுத்தடுத்த நாள்களில் இல்லாமல். ஒவ்வொரு நாளும் தொடக்கத்தில் 5 நிமிடமும் முடிவில் 5 நிமிடமும் நடை.

1, 2ஆம் வாரங்கள்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 8 முறை.
3, 4ஆம் வாரங்கள்: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 முறை.
5, 6ஆம் வாரங்கள்: 3 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 5 முறை.
7, 8ஆம் வாரங்கள்: 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 4 முறை.
9, 10ஆம் வாரங்கள்: 8 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 3 முறை.
11, 12ஆம் வாரங்கள்: 12 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 2 முறை.
13, 14ஆம் வாரங்கள்: 20 நிமிடம் நிற்காத ஓட்டம், பழகியபின் 25 நிமிடம்.
15, 16ஆம் வாரங்கள்: 30 நிமிடத்திலிருந்து மெல்ல 40 நிமிடம் வரை, தேவைப்பட்ட இடத்தில் நடை.

ஒரு கிலோமீட்டரை 8 நிமிடத்தில் ஓடுபவருக்கு 5 கிலோமீட்டர் முடிய 40 நிமிடம் ஆகும். அந்த வேகம் தாராளமாகப் போதும். வேகத்தைச் சோதிக்கக் கருவி வேண்டாம். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் அதிகம். தனியாக ஓடுபவர் வீட்டு முகவரியைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கலாம். நடைபயில்வோர் சற்றுத் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். எந்த வாரமாவது கடினமாகத் தோன்றினால் அதையே இன்னொரு முறை செய்யலாம். 16 வாரம் 24 வாரமானால் குறைந்துபோவது எதுவுமில்லை.

இடத்தைப் பொறுத்தவரை, பள்ளி மைதானத்தின் மண் தரை முதல் தேர்வு. பூங்காவின் நடைபாதையும் கோவை ரேஸ் கோர்ஸ் போன்ற இடங்களும் அடுத்து. கடற்கரையின் தளர்ந்த மணலில் ஓடுவது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கெண்டைக்கால் தசையைப் புதியவர்களுக்குப் பாடாய்ப்படுத்தும். தெருவில் ஓடினால் நாய்கள் கூடும் இடத்தில் நடைக்கு மாறிவிட வேண்டும். ஓடுவதைத்தான் அவை துரத்தும். கடலோர ஊர்களில் வெப்பத்தைவிடக் காற்றின் ஈரப்பதம் அதிகத் தொல்லை தரும், ஏனென்றால் வியர்வை உலராமல் உடல் குளிராது. காலை 7 மணிக்கு மேல் ஓட்டத்தைத் தவிர்க்கலாம். தாகத்துக்கு ஏற்பத் தண்ணீர் குடித்தால் போதும். சவாலுக்காக லிட்டர் கணக்கில் குறுகிய நேரத்தில் குடிப்பது ரத்தத்தில் சோடியத்தின் அளவை ஆபத்தான முறையில் குறைத்துவிடக்கூடும்.

நான்காம் படி: தவறும் நாளுக்கான விதியை இப்போதே எழுதுதல்

நாள் தவறும். கல்யாணம் வரும், பிள்ளைக்குப் பொதுத்தேர்வு வரும், மார்ச் மாதக் கணக்கு முடிப்பு வரும், மாமியார் மருத்துவமனையில் சேர்க்கப்படுவார். தவறிய பிறகு என்ன செய்வது என்பதை அந்த நேரத்தின் மனநிலையிடம் விட்டால், அது பெரும்பாலும் ‘போனது போகட்டும், இனி அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்றுதான் சொல்லும். உணவுக் கட்டுப்பாடு குறித்த ஒரு புகழ்பெற்ற சோதனை இதை 1975இலேயே காட்டியது. கட்டுப்பாட்டில் இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமைச் சுவைத்து மதிப்பிடச் சொன்னார்கள். மில்க் ஷேக் குடிக்காமல் வந்தவர்களைவிடக் குடித்தவர்களே அதிக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். விதி ஏற்கெனவே உடைந்துவிட்டது என்ற எண்ணமே மீதிக் கட்டுப்பாட்டையும் கரைத்தது. முதல் நாளிலிருந்து மீண்டும் தொடங்கச் சொல்லும் சவால்கள் இந்த பலவீனத்துக்குத் தீனி போடுகின்றன என்பது என் கருத்து. மேலே சொன்ன லண்டன் ஆய்விலோ, ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை.

ஆகவே விதி இப்படி இருக்கட்டும். ஒரு நாள் தவறினால் அதை ஈடுகட்ட வேண்டாம்; அடுத்த முறைக்குரியதை மட்டும் செய்தால் போதும். ஒரு வாரம் முழுவதும் போனால், கடைசியாக முடித்த வாரத்தை மறுபடி செய்ய வேண்டும். இரண்டு மூன்று வாரம் போனால் அட்டவணையில் நான்கு வாரம் பின்னால் செல்ல வேண்டும். காய்ச்சல் வந்திருந்தால், காய்ச்சல் விட்டு, பசியும் உறக்கமும் பழைய நிலைக்குத் திரும்பும் வரை நடை மட்டுமே. டெங்கு போன்ற நோயிலிருந்து மீண்டவர் மருத்துவரைக் கேட்டபிறகே ஓட வேண்டும்.

இதற்கு ஒரு துணைவேலை உண்டு. அட்டவணை தொடங்கும் நாளிலேயே தினசரி காலண்டரை எடுத்து, ஊருக்குப் போகும் நாள், பண்டிகை, அலுவலகத் தணிக்கை எல்லாவற்றையும் வட்டமிட்டு, அந்த வாரங்களுக்குக் கீழ் எல்லையை மட்டும் எழுதிவிட வேண்டும். பொங்கலுக்கு ஊரில் இருக்கும் நான்கு நாளில் ஒரு நாள் வயல் வரப்பில் நடந்ததும் அந்த வாரக் கணக்கில் நிறைவாகவே சேரும்.

ஐந்தாம் படி: குறிப்பேடு

தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று எண்ணிக் காட்டும் செயலிகளை நான் விரும்புவதில்லை. எண்ணிக்கை கூடக் கூட அதை இழந்துவிடுவோமோ என்ற அச்சமும் கூடுகிறது. கடைசியில் காலில் வீக்கத்தோடும் ஓடுகிறார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். செய்தது என்ன, உடல் எப்படி இருந்தது, மீண்டும் வரத் தோன்றியதா என்ற மூன்றுக்கும் ஒவ்வொரு வரி. 46 வயதில் ஓடப் பழகிய வங்கி ஊழியர் ஒருவரின் முதல் வாரக் குறிப்பு இது, அவர் அனுமதியோடு:

‘செவ்வாய். 1–2, எட்டு முறை. ஆறாவதில் மூச்சு வாங்கியது. வியாழனும் வரலாம்.
வியாழன். ஐந்தோடு நிறுத்திவிட்டேன். இரவு தூங்கவே ஒரு மணி. வருத்தமில்லை.
சனி. எட்டும் முடிந்தது. கடைசி இரண்டில் பேசிக்கொண்டே ஓடினோம்.’

இரண்டாவது வரியில் உள்ள ‘வருத்தமில்லை’யை எழுத அவருக்குக் கொஞ்சம் யோசனை தேவைப்பட்டதாம், முதலில் ‘சோம்பல்’ என்று எழுதி அடித்திருந்தார். தன்னையே திட்டிக்கொண்டால்தான் முன்னேற முடியும் என்று நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஆனால் 2012இல் வெளியான அமெரிக்கச் சோதனைகளில், தம் தவற்றைப் பரிவோடு பார்க்கத் தூண்டப்பட்டவர்களே அதைத் திருத்திக்கொள்வதில் கூடுதல் முனைப்புக் காட்டினார்கள். தேர்வில் சறுக்கிய மாணவர்களில் அப்படிப்பட்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் கூடுதல் நேரம் படித்தார்கள். பரிவு என்பது சலுகை ஆகிவிடுமோ என்று அஞ்சுபவர்களுக்கு இது நல்ல பதில்.

மாத இறுதியில் நோட்டைப் புரட்டி, மூன்றாவது வரியை மட்டும் படிக்கவும். ‘வரத் தோன்றவில்லை’ என்பது அடுத்தடுத்து நான்கு ஐந்து முறை வந்திருந்தால் அளவை ஒரு கட்டம் இறக்க வேண்டும், அல்லது நேரத்தையோ இடத்தையோ மாற்ற வேண்டும்.

ஆறாம் படி: உடன் வருபவர்கள்

2004 அக்டோபர் 2 அன்று லண்டன் புஷி பூங்காவில் 13 பேர் 5 கிலோமீட்டர் ஓடினார்கள். காயத்தால் தன்னால் ஓட முடியாத நிலையில் இருந்த பால் சின்டன்-ஹெவிட் அதை நண்பர்களுக்காக ஏற்பாடு செய்திருந்தார். அதுவே ‘பார்க்ரன்’ என்ற பெயரில் பல நாடுகளுக்கும் பரவி, சனிக்கிழமை காலை தோறும் கட்டணமின்றி நடக்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு, கடைசியில் நடந்து வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பது. அதனால் பங்கேற்க வந்த யாரும் கடைசி ஆள் ஆவதில்லை. 2024 தொடக்கத்தில், மிக வேகமாக ஓடியவர்களின் சாதனைப் பட்டியல்களையும் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வேக விரும்பிகள் கோபப்பட்டார்கள். புதிதாக வருபவர் மிரளக் கூடாது என்பதே அமைப்பாளர்கள் சொன்ன காரணம்.

இந்தியாவில் அந்த அமைப்பு இல்லாவிட்டாலும் அதன் பண்பை இரண்டு பேரால்கூட உருவாக்க முடியும். வேகமானவர் மெதுவானவரோடு சேர்ந்து ஓடுவது, யாராவது வராவிட்டால் விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்வது, எடையைப் பற்றிக் கருத்துச் சொல்லாமல் இருப்பது. ‘என்னக்கா, நேத்து ஆளக் காணோம், உடம்புக்கு நல்லாருக்கீங்களா?’ என்று கேட்கும் ஒருவர் இருந்தால் மறுநாள் எழுந்து வரத் தோன்றும். ‘நேத்தும் மட்டமா?’ என்று கேட்பவர் இருந்தால் அந்த வழியே போகத் தோன்றாது.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் முன்கூட்டியே அறிவிப்பதைப் பற்றி ஒரு சொல். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தாம் ஆக விரும்பும் நிலையைப் பற்றிய எண்ணத்தைப் பிறர் கவனித்து ஏற்றுக்கொண்டதும், அதற்கான உழைப்பு குறைவதைக் கண்டார்கள். அறிவிப்பே பாதி சாதனை போல நிறைவு தந்துவிடுகிறது. வீட்டில் சொல்வது வேறு. அதிகாலையில் பால் காய்ச்சுவது யார், பிள்ளையை எழுப்புவது யார் என்று பேசித் தீர்க்காமல் வாரத்துக்கு மூன்று காலைகளை எடுத்துக்கொண்டால், ஒருவரின் வளர்ச்சிக்கு இன்னொருவர் உறக்கத்தை விலையாகக் கொடுக்கிறார். பெண்கள் ஓடத் தொடங்கிப் பாதியில் விடுவதற்கு மன உறுதிக் குறைவைவிட இந்தப் பேச்சு நடக்காததே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

ஏழாம் படி: நிறுத்த வேண்டிய இடம்

தொடையிலும் கெண்டைக்காலிலும் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் மந்தமான வலி இரண்டொரு நாளில் போய்விடும். ஒரு பக்கம் மட்டும், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓர் இடத்தில், ஓட ஓடக் கூடுகிற வலி என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பார்க்க வேண்டும். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம் ஆகியவற்றுக்கு 108ஐ அழைக்க வேண்டும். ‘வாயுத் தொல்லையாக இருக்கும்’ என்று வீட்டுக்கு நடந்து போகக் கூடாது. வெயிலில் ஓடியவருக்குக் குழப்பமான பேச்சும் தள்ளாட்டமும் தெரிந்தால் நிழலுக்குக் கொண்டுபோய் உடலை நனைத்து விசிறிக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும்.

உடலைத் தாண்டிய அறிகுறிகளும் உண்டு, இவற்றை நாம் எளிதில் பாராட்டிவிடுகிறோம். ஓய்வு நாளில் குற்ற உணர்வு, ஓடாத நாளில் சாப்பாட்டைக் குறைத்தல், காயத்தை மறைத்தல், நண்பர் வீட்டு விசேஷத்தைத் தொடர்ந்து தவிர்த்தல். வெளியிலிருந்து பார்ப்பவர் ‘என்ன ஒழுக்கம்!’ என்று வியப்பார். இந்த நான்கில் இரண்டு சில வாரங்கள் நீடித்தால் சவாலை நிறுத்திவைத்து, நம்பிக்கையான ஒருவரிடம் பேசுவது நல்லது. மனநல ஆலோசனைக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

எட்டாம் படி: 5 கிலோமீட்டருக்குப் பிறகு

இலக்கை முடித்த வாரமே 10 கிலோமீட்டர் போட்டிக்குப் பணம் கட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஒரு மாதம் பொறுக்கலாம். அந்த மாதத்தில் அட்டவணை வேண்டாம். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், தோன்றிய தூரம், கடிகாரம் இல்லாமல். ஒரு நாள் எதிர்த்திசையில் சுற்றலாம், ஒரு நாள் பிள்ளையைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போகலாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு, அல்லது அதில் பாதியளவு கடுமையான உழைப்பு. 30, 40 நிமிடமாக மூன்று நாள் ஓடி, இடையில் கொஞ்சம் நடப்பவர் அந்த அளவுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டார். ஆரோக்கியத்துக்காக அதற்கு மேல் ஓட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

அந்த மாதம் முடிந்த பின்னும் 10 கிலோமீட்டர் ஆசை இருந்தால், முதல் படியின் இரண்டு கேள்விகளையும் புதிய தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, ஓட்ட நேரத்தை வாரத்துக்கு ஐந்து நிமிடம் என்ற அளவில் கூட்டிச் செல்லலாம். நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் பழைய அளவுக்கு இறங்கி வர வேண்டும். ஆசை வேறு பக்கம் திரும்பியிருந்தால், வீணையோ இந்தியோ தோட்டமோ எதுவாக இருந்தாலும், கீழ் எல்லை, மேல் எல்லை, தவறும் நாள் விதி, மூன்று வரி நோட்டு ஆகிய நான்கையும் அப்படியே எடுத்துச் செல்ல முடியும். வீணைக்குக் கீழ் எல்லை, உறையைக் கழற்றி ஒரு சரளி வரிசையை வாசிப்பது. மேல் எல்லை, விரல் நுனி எரியத் தொடங்கும் முன் நிறுத்துவது.